இரவின் தொடக்கம் நம் கையில்

(நமது அறக்கட்டளை வந்தவாசியில் நடத்திய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சில வாரங்களுக்கு முன் பெற்றோர் சிலர் நம்மிடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். "பொதுத்தேர்வு வருகிறது, நீட் தேர்வு வருகிறது. வீட்டில் தனி அறை கிடையாது. ஒரு பக்கம் தறிச் சத்தம், ஒரு பக்கம் டிவி சத்தம். நமது படிப்பகத்தை இரவு 12 மணி வரை திறந்து வையுங்கள்" என்று கேட்டார்கள். நல்ல எண்ணத்தில் வந்த கோரிக்கை. நிர்வாகிகள் கூடிப் பேசினோம். மருத்துவம் படித்தவர்களிடம் விசாரித்தோம். கடைசியில், படிப்பகத்தை இரவு 9 மணிக்கு மூடுவது, காலையில் பஜ்ரு ஜமாஅத் முடிந்ததும் திறப்பது என்று முடிவு செய்தோம்.

இந்த முடிவில் பலருக்கு வருத்தம் இருக்கிறது. "பிள்ளை படிக்கிறேன் என்கிறான், நீங்கள் விளக்கை அணைக்கிறீர்களே" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இன்று இந்தக் கூட்டம்.

மூளை நெய்யப்படும் வயது

ஒரு பிள்ளைக்கு ஆறு வயது ஆகும்போதே மூளை ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பெரிதாக வளர்வது குறைவு. ஆனால் உள்ளே இருக்கும் இணைப்புகளின் வேலை அப்போதுதான் சூடுபிடிக்கிறது. பத்து வயதுக்கு மேல் தொடங்கி இருபதுகளின் நடுப்பகுதி வரை அந்த வேலை நடக்கிறது.

அந்த வேலை இரண்டு விதம். முதலாவது, வேண்டாத இணைப்புகளை வெட்டுவது. பாய் நெய்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நெய்து இறக்கிய பாயின் ஓரத்தில் கோரை நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சீராக நறுக்கினால்தான் பாய்க்கு உருவம் வரும். குழந்தைப் பருவத்தில் மூளை தேவைக்கு அதிகமாகவே இணைப்புகளைப் போட்டு வைக்கிறது. பதின்வயதில் பயன்படும் இணைப்பை வைத்துக்கொண்டு, பயன்படாததைக் கழிக்கிறது.

இரண்டாவது, மிஞ்சிய இணைப்புகளுக்கு உறை போடுவது. மின்கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, நரம்பு இழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படிகிறது. உறை நன்றாகப் படிந்த இழையில் செய்தி பல மடங்கு வேகமாக ஓடுகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையில் இந்த வேலை கடைசியாக முடிகிறது. யோசித்து முடிவெடுப்பது, கோபத்தை அடக்குவது, பின்விளைவை எண்ணிப் பார்ப்பது எல்லாம் முன்மூளையின் பொறுப்பு. "இருபது வயதாகிறது, இன்னும் பொறுப்பு வரவில்லையே" என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அந்தப் பகுதியின் தறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த நெசவுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? தூங்கும்போது மூளை சும்மா கிடப்பதில்லை. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். அப்போது மூளையில் மெதுவான பெரிய அலைகள் எழுகின்றன. பகலில் படித்ததில் எதை நீண்ட நாள் நினைவில் வைப்பது என்ற வேலையின் பெரும்பகுதி அப்போது நடக்கிறது. இரவின் பிற்பகுதியில் கனவு காணும் தூக்கம் கூடுகிறது. மனத்தின் உணர்ச்சிகளைச் சமன்படுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. பதின்வயதில் இந்த ஆழ்ந்த தூக்க அலைகள் வேகமாக மாறுவதைப் பார்த்து, இணைப்புகள் சீரமைக்கப்படுவதன் அடையாளம் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆகவே இரவு 10 மணிக்குப் படிப்பை நிறுத்தித் தூங்கப் போகும் பிள்ளை படிப்பை விட்டுவிடவில்லை. படித்ததை உள்ளே அடுக்கி வைக்கப் போகிறான்.

ஆய்வுகள் சொல்வது

மூன்று ஆய்வுகளை மட்டும் சொல்கிறோம்.

2007-ல் அமெரிக்காவில் 18 முதல் 30 வயது வரையான இளைஞர்களில் ஒரு பகுதியினரை ஓர் இரவு முழுவதும் விழிக்க வைத்து, மறுநாள் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மனத்தைப் பாதிக்கும் படங்களைக் காட்டியபோது, பயமும் கோபமும் கிளம்பும் அமிக்டலா என்ற பகுதி, தூங்கியவர்களைவிட ஏறக்குறைய 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. அதைவிட முக்கியமான ஒன்றையும் கண்டார்கள். அந்தப் பகுதிக்குக் கடிவாளம் போடும் முன்மூளையோடு அதற்கு இருந்த தொடர்பு தளர்ந்துபோயிருந்தது. ஒரே ஒரு இரவுக்கு இந்த நிலை. "காலையில் கூப்பிட்டாலே எரிந்து விழுகிறாள்" என்று சொல்லும் தாய்மார்கள் இதை யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் குணம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன், நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று கேளுங்கள்.

2022-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், 9, 10 வயதுப் பிள்ளைகள் 8,300 பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு, 9 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குபவர்களையும் போதிய அளவு தூங்குபவர்களையும் ஒப்பிட்டார்கள். குடும்ப வருமானம் போன்றவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். குறைவாகத் தூங்கிய பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் நடத்தைச் சிக்கல்களும் அதிகம். நினைவாற்றலும் தீர்மானிக்கும் திறனும் குறைவு. மூளையின் சில பகுதிகளுக்கு இடையிலான தொடர்பிலும் வித்தியாசம் தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

மூன்றாவது, 2015-ல் வெளிவந்தது. பதின்வயதுப் பிள்ளைகள் தினமும் எவ்வளவு நேரம் தூங்கினார்கள் என்று குறித்துவைத்து, ஓராண்டுக்கும் மேல் கழித்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஒருநாள் ஐந்து மணி நேரம், மறுநாள் பத்து மணி நேரம் என்று தூக்கம் தாறுமாறாக இருந்த பிள்ளைகளின் நரம்பு இழைக் கற்றைகள், ஒரே சீராகத் தூங்கியவர்களுடையதைவிடத் தரம் குறைந்து காணப்பட்டன. எவ்வளவு தூங்குகிறோம் என்பதுபோலவே, தினமும் ஒரே மாதிரி தூங்குகிறோமா என்பதும் முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது. "வாரம் முழுக்க விழிக்கட்டும், வெள்ளி, ஞாயிறு சேர்த்துத் தூங்கிக்கொள்வான்" என்ற கணக்கு மூளையிடம் செல்லாது.

இவற்றை வைத்து, தூக்கம் குறைந்ததால்தான் இத்தனையும் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மனக்கவலை இருக்கும் பிள்ளைக்குத் தூக்கம் வராமலும் போகலாம். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். ஆனால் இந்த இரண்டில் நாம் வீட்டிலேயே கைவைக்கக்கூடியது தூக்கம்.

பிள்ளை வேண்டுமென்றே விழிக்கிறானா?

இங்கே பிள்ளைகளின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் பெரியவர்கள் கேட்க வேண்டும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் என்ற அறிஞர் உயிர்க்கடிகாரம் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மதுரைக்கு அருகே குகையின் இருட்டில் தொங்கும் வௌவால்கள், வெளியே சூரியன் மறைவதை எப்படி அறிகின்றன என்று பார்த்தவர் அவர். பிறகு மனிதர்களுக்கும் இதே சோதனையைச் செய்தார். கடிகாரம் இல்லாத, வெளிச்சத்தை வைத்து நேரம் அறிய முடியாத தனி அறையில் தன்னார்வலர்கள் பல நாட்கள் தங்கினார்கள். யாரும் நேரம் சொல்லாமலே தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தன. நம் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது.

அந்தக் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது. 1999-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அளந்தபோது சராசரி 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் திருத்தி வைக்கிறது. பருவம் அடையும் வயதில் இந்தக் கடிகாரம் இன்னும் பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தை அழைத்துவரும் மெலடோனின் என்ற சுரப்பு, சிறுபிள்ளைகளுக்குச் சுரப்பதைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. ஏறக்குறைய இருபது வயதில் இந்தத் தாமதம் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லக் குறைகிறது. ஆகவே 9 மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பதினாறு வயதுப் பிள்ளை சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

இதனால் அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்கள் 2014-ல் உயர்நிலைப் பள்ளிகளைக் காலை 8:30-க்கு முன் தொடங்காதீர்கள் என்றார்கள். சியாட்டில் நகரில் 2016-ல் பள்ளி நேரத்தை 7:50-லிருந்து 8:45-க்கு மாற்றியபோது, பிள்ளைகள் தினமும் சராசரியாக 34 நிமிடம் அதிகம் தூங்கினார்கள். நம் ஊர்ப் பள்ளிகள் பெரும்பாலும் 9 மணிக்கு மேல்தான் தொடங்குகின்றன. அந்த நாட்டுச் சிக்கல் காலையில் இருக்கிறது. நம் சிக்கல் இரவில் இருக்கிறது.

ஏற்கெனவே தாமதமாக ஓடும் கடிகாரத்தை நாம் இன்னும் பின்னுக்குத் தள்ளுகிறோம். பத்து மணிக்குக் கண்ணுக்கு அருகே செல்போன் வெளிச்சம் பட்டால், இன்னும் பகல்தான் என்று மூளை எண்ணுகிறது. மெலடோனின் தள்ளிப்போகிறது. வெளிச்சத்தோடு ரீல்ஸும் விளையாட்டும் குரூப் அரட்டையும் சேர்ந்தால் மணி ஒன்றாகிவிடுகிறது. தமிழ்நாடெங்கும் விரித்துப் படுக்க வந்தவாசிப் பாய் போகிறது. அதே பாயில் நம் பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு விழித்துக் கிடக்கிறான்.

பஜ்ரும் கணக்கும்

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. 18-க்கு மேல் 25 வரை 7 முதல் 9 மணி நேரம்.

நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி பஜ்ரு வக்து 4:30-க்கும் 5:30-க்கும் இடையில் வருகிறது. ஒரு மணிக்குத் தூங்கும் பிள்ளையை ஐந்து மணிக்கு எழுப்பினால் அவனுக்குக் கிடைப்பது நான்கு மணி நேரம். குறைந்தபட்சத் தேவையில் பாதிதான். பிறகு அவன் வகுப்பில் தூங்குகிறான், பஜ்ருக்கும் சலிப்போடு எழுகிறான். சில வீடுகளில், "பாவம், தூங்கட்டும்" என்று தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். சில வீடுகளில் அடித்து எழுப்புகிறார்கள். இரண்டுமே பஜ்ரைக் குற்றவாளி ஆக்குகின்றன. தவறு பஜ்ரில் இல்லை. முந்தைய இரவில் இருக்கிறது.

இரவின் முடிவு நமக்கு நிர்ணயிக்கப்பட்டது. அதை நகர்த்த முடியாது. தொடக்கம் மட்டும்தான் நம் கையில். இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் இருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று ஹதீஸில் படித்திருக்கிறோம். மின்விளக்கு இல்லாத காலத்திலேயே அந்தக் கவனம் இருந்தது. இன்று வீண்பேச்சு நம் தலையணைக்கு அடியிலேயே இருக்கிறது.

இன்னொரு கணக்கும் சொல்கிறோம். 1997-ல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்குவதாகக் கண்டார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். காலை 5 மணிக்கு எழுந்த பிள்ளைக்குப் பகல் தூக்கமும் இல்லையென்றால், இரவு 10 மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. வாழ்நாளில் மதுவைத் தொடாத பிள்ளை அந்த நிலையில் பைக்கை எடுத்துக்கொண்டு சாலையில் போகிறான். அந்த நிலையில் உட்கார்ந்துதான் நள்ளிரவில் இயற்பியல் படிக்கிறான். அந்த இரண்டு மணி நேரப் படிப்பில் எவ்வளவு மிஞ்சும்? படிப்பகத்தை ஒன்பதுக்கு மூடியதன் காரணம் இதுதான். வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, பத்துக்குள் படுக்க வேண்டும்.

படுத்தால் போதுமா?

சென்னையில் நடந்த ஓர் ஆய்வு நமக்கு மிகவும் நெருக்கமானது. 2021-ல் முடிவுகள் வெளிவந்தன. வருமானம் குறைந்த 452 பெரியவர்களுக்குக் கணினியில் தகவல் பதியும் வேலை கொடுத்து, கையில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். அவர்கள் படுக்கையில் இருந்தது சுமார் எட்டு மணி நேரம். உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். வெப்பம், கொசு, சத்தம், நெருக்கடியான இடம் எல்லாம் சேர்ந்து தூக்கத்தைத் துண்டு துண்டாக்கியிருந்தன. மின்விசிறி, மெத்தை, கண்மூடி, காதடைப்பான் என்று கொடுத்து இரவுத் தூக்கத்தை அரைமணி நேரம் போலக் கூட்டினார்கள். பெரிய பலன் தெரியவில்லை. ஆனால் வேலை இடத்திலேயே மதியம் அரைமணி நேரம் தூங்க விட்டபோது கவனமும் வேலைத் திறனும் மனநிறைவும் கூடின.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, கலைந்த தூக்கத்தை நேரத்தால் மட்டும் ஈடுகட்ட முடியாது. பிள்ளை படுக்கும் இடம் இருட்டாக, காற்றோட்டமாக, அமைதியாக இருக்க வேண்டும். இயந்திரத் தறி வைத்திருக்கும் சகோதரர்களே, பக்கத்து வீட்டிலும் தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிறது. இரவு ஒன்பதரைக்குத் தறியை நிறுத்துவது அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் ஹக்கு. இரண்டு, கைலூலா என்று நாம் அறிந்த மதியத் தூக்கம் சோம்பேறித்தனம் ஆகாது. விடுமுறை நாளில் ளுஹருக்கு ஒட்டி, பள்ளி நாளில் வீடு திரும்பியதும், 20 முதல் 30 நிமிடம் தூங்க விடுங்கள். அதற்கு மேல் நீண்டால், அல்லது மஃரிபை நெருங்கினால், இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

யாரை மறக்கிறோம்?

நம் வீடுகளில் பெண்பிள்ளைகளின் தூக்கத்தை யாரும் எண்ணுவதில்லை. பாத்திரம் கழுவிக் கடைசியாகப் படுப்பவளும் அவள்தான், தண்ணீர் பிடிக்க முதலில் எழுபவளும் அவள்தான். அவளுக்கும் அதே தேர்வு, அதே வளரும் மூளை. தேர்வு மாதத்திலாவது இரவு வேலையை அண்ணனும் தம்பியும் பகிர்ந்துகொள்ளட்டும்.

அடுத்து, தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் இளைஞர்கள். கம்பெனிப் பேருந்தில் விடியற்காலை வந்து இறங்குபவனைப் பகல் வேலைக்கு அனுப்பாதீர்கள். ஜன்னலுக்குத் துணி போட்டு அறையை இருட்டாக்குங்கள். வீட்டில் குரலைத் தாழ்த்துங்கள். பகல் தூக்கமே அவனுக்கு இரவு.

ரமழானையும் சொல்ல வேண்டும். அண்மை ஆண்டுகளில் நோன்பும் பொதுத்தேர்வும் சேர்ந்தே வந்தன. தராவீஹ் முடிந்ததும் படுத்தால் ஸஹருக்கு முன் சில மணி நேரம் கிடைக்கும். நம் பிள்ளைகளோ கடைத்தெருவிலும் கிரிக்கெட்டிலும் ஸஹர் வரை கழித்துவிட்டு ளுஹர் வரை தூங்குகிறார்கள். உடல் கடிகாரமே தலைகீழாகிவிடுகிறது. இரவை இபாதத்தில் உயிர்ப்பிப்பதற்கும் தெருவில் கழிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. இரவு 9:30-க்கு வீட்டில் உள்ள எல்லாச் செல்போன்களும் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். அத்தா, அம்மா போன்களும் சேர்த்துத்தான். பெற்றோர் கையில் போன் இருக்கும்வரை பிள்ளை கேட்காது.

2. பத்து மணிக்குள் விளக்கை அணையுங்கள். இப்போது ஒரு மணிக்குத் தூங்கும் பிள்ளையை ஒரே நாளில் மாற்ற முடியாது. வாரத்துக்கு அரைமணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள்.

3. விடுமுறை நாளிலும் படுக்கும் நேரமும் எழும் நேரமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாற வேண்டாம்.

4. பஜ்ருக்குப் பின் வெளிச்சத்தில் நடக்கட்டும். காலை வெளிச்சம்தான் இரவுத் தூக்கத்துக்கு முதல் மருந்து. கடினமான பாடத்தை அந்த நேரத்துக்கு வையுங்கள்.

5. மாலை நான்கு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். படிக்க விழித்திருக்கப் பாட்டில் பானங்கள் அறவே வேண்டாம்.

6. தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். சத்தமான குறட்டை, பகலெல்லாம் தூக்கம், வாரக்கணக்கில் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமல் ஒதுங்கி இருப்பது ஆகியவை தெரிந்தால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ட்யூஷன் நடத்தும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வகுப்பை இரவு 8:30-க்குள் முடித்துக் கொடுங்கள். படிப்பக முடிவை நாமும் அப்படியே விட்டுவிடப் போவதில்லை. காலை நேரத்தில் டீயும் பிஸ்கட்டும் அறக்கட்டளைச் செலவில் தருகிறோம். காலாண்டுத் தேர்வுக்குப் பின் பிள்ளைகளையும் பெற்றோரையும் மீண்டும் கூட்டி, எப்படி இருந்தது என்று கேட்போம். குறை இருந்தால் அன்று சொல்லுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. "இரவு இரண்டு மணி வரை படித்தேன்" என்பதைப் பெருமையாகச் சொல்வதை நிறுத்துங்கள். உங்கள் உடலுக்கும் உங்கள் மேல் உரிமை உண்டு என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. பெற்றோர்களே, பிள்ளையின் ஃபீஸுக்குக் கடன் வாங்குகிறோம், நகையை அடகு வைக்கிறோம். காசில்லாமல் கொடுக்கக்கூடிய இரண்டு மணி நேரத் தூக்கத்தைக் கொடுக்காமல் இருக்கிறோம். இன்று இரவே தொடங்கலாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவையும் உடலையும் பாதுகாத்து, அவர்களின் இரவை அமைதியாகவும் பகலைப் பயனுள்ளதாகவும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.